கடலடியில் ஒரு திறந்த கதவு
(எம்.2 நீர்மூழ்கியும் முக்குளிப்போர் கழகங்களும்)

முன்னுரை

இளங்கலை வகுப்பொன்றில் சொற்பொருள் வேறுபாடுகளை விளக்கிக் கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, மூழ்குவதற்கென்றே கட்டிய கப்பல் மூழ்கிவிட்டது என்று செய்தித்தாளில் எழுதுகிறார்களே, அதில் என்ன பிழை நேர்ந்தது?" என்று கேட்டார். வகுப்பு முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால், வீடு திரும்பிய பின் அக்கேள்வி நம்மை விட்டு நீங்கவில்லை. அதில் நகைப்பதற்கு ஏதுமில்லை என்பதும் மெல்லப் புரிந்தது.

தமிழில் நீருக்குள் செல்வதைக் குறிக்கச் சொற்கள் பலவுண்டு. மூழ்குதல், அமிழ்தல், ஆழ்தல், முக்குளித்தல் என்பன அவற்றுட் சில. இவற்றுள் முக்குளித்தல் என்பது உள்ளே சென்று மீண்டு வருவதைக் குறிக்கும். அமிழ்ந்து போதல் என்றால் மீளாமை புலப்படும். மூழ்குதல் என்னும் சொல் இரண்டிற்கும் பொதுவாக நிற்கிறது. நீர்மூழ்கிக் கப்பல் முக்குளிக்கக் கட்டப்பட்டது. அமிழ்ந்து போகக் கட்டப்பட்டதன்று. இரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு மீட்சி ஒன்றே.

மீளாத நீர்மூழ்கி ஒன்றைக் கண்டு மீளும் மனிதர்கள் இன்றும் உள்ளனர். இங்கிலாந்தின் தென்கரையில், லைம் விரிகுடாவின் அடியில் கிடக்கும் 'எம்.2' என்னும் நீர்மூழ்கியைக் காண, முக்குளிப்போர் கழகங்களைச் சேர்ந்தவர்கள் ஆண்டுதோறும் படகேறிச் செல்கின்றனர். அக்கலம் ஏன் மீளவில்லை, அதனைக் காணச் செல்வோர் எவ்வாறு மீள்கின்றனர் என்னும் இரண்டையும் இணைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பீரங்கி போய் விமானம் வந்தது

முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படை 'எம்' வகை நீர்மூழ்கிகளைக் கட்டத் திட்டமிட்டது. போர்க்கப்பல்களில் மட்டுமே காணத்தக்க 12 அங்குலப் பெரும்பீரங்கி ஒன்றை நீர்மூழ்கியின் மேல் பொருத்துவதே அவ்வகையின் தனித்தன்மை. எம்.2 ஏறத்தாழ 90 மீட்டர் நீளம் உடையது. 1918ஆம் ஆண்டு அக்டோபரில் அது நீரில் இறக்கப்பட்டது. அது கடற்படைப் பணிக்கு வந்தபோது போர் முடிந்திருந்தது.

1922ஆம் ஆண்டின் வாஷிங்டன் கடற்படை உடன்படிக்கையால் இத்தகைய பெரும்பீரங்கிகளுக்கு நீர்மூழ்கிகளில் இடமில்லாமற் போயிற்று. எனவே எம்.2இன் பீரங்கியை அகற்றினர். 1920களின் பிற்பகுதியில், அது இருந்த இடத்தில் நீர் புகாத விமான அறை ஒன்றை அமைத்தனர். 'பார்னல் பீட்டோ' என்னும் சிறு கடல் விமானத்தைச் சிறகுகளை மடித்து அதனுள் வைத்தனர். கவண்கல்லை எறிவதுபோல் விமானத்தை வானில் உந்தியெறியும் கருவியும், திரும்பி வந்து நீரில் இறங்கும் விமானத்தைத் தூக்கி உள்ளே வைக்கும் பாரந்தூக்கியும் மேல்தளத்தில் பொருத்தப்பட்டன.

கடலுக்கடியில் மறைந்து செல்லும் கலம், வேண்டும்போது மேலெழுந்து ஒரு விமானத்தைப் பறக்கவிட்டுத் தொலைவிலுள்ள பகைக் கப்பல்களை உளவறியலாம் என்பது திட்டம். வியப்புக்குரிய திட்டந்தான். ஆனால் அதில் ஒரு முரண்பாடு இருந்தது. நீர்மூழ்கிக்குப் பாதுகாப்பு, எல்லாக் கதவுகளும் மூடியிருக்கும் நிலையில் உள்ளது. விமானத்தை வெளியே எடுக்கவோ பெரிய கதவொன்றைத் திறந்தாக வேண்டும். மேலும், மேற்பரப்பில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் பகைவர் கண்ணில் படும் நிமிடமாகும். ஆகவே விரைந்து எழுந்து, விரைந்து திறந்து, விரைந்து ஏவும் திறனே பெரிதாகப் போற்றப்பட்டது. அந்த விரைவே பின்னர் வினையாயிற்று என்று கருதப்படுகிறது.

1932 ஜனவரி 26

அன்று போர்ட்லேண்டுக்கு அருகில் எம்.2 பயிற்சியில் ஈடுபட்டிருந்தது. காலை 10.11 மணிக்கு, தான் 10.30க்கு நீருள் இறங்கப் போவதாகத் தன் துணைக்கப்பலுக்கு அது கம்பியில்லாத் தந்தி வழியாகத் தெரிவித்தது. அதன் பின் அக்கலத்திலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. கலத்தில் இருந்தோர் 60 பேர். ஒருவரும் உயிர் தப்பவில்லை.

அன்று அவ்வழியே சென்ற 'டைன்சைடர்' என்னும் சரக்குக் கப்பலின் தலைவர், முற்பகல் 11.30 மணியளவில் பெரியதொரு நீர்மூழ்கி பின்புறமாக நீருள் இறங்குவதைக் கண்டார். நீர்மூழ்கி இறங்கும்போது முகப்பே முதலில் தாழ்வது இயல்பு. பின்புறம் முதலில் தாழ்ந்தால் அது கேடு நேர்ந்ததன் அறிகுறி. இவ்வேறுபாட்டை அவர் அறிந்திருக்கவில்லை. நீர்மூழ்கி மூழ்குகிறது, அது அதன் தொழில் என்று எண்ணிக் கடந்து போனார். கரைக்கு வந்த பின் பேச்சோடு பேச்சாகவே அச்செய்தியைச் சொன்னார். நம் மாணவர் கேட்ட கேள்வி, அன்று கடலின் நடுவே நின்ற ஒருவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்பதை இங்கு எண்ணிப் பார்த்தல் தகும்.

எட்டு நாள்களுக்குப் பின், பிப்ரவரி 3 அன்று கலம் கண்டுபிடிக்கப்பட்டது. கீழே இறங்கிய முக்குளிப்பாளர்கள் விமான அறையின் கதவு திறந்திருப்பதைக் கண்டனர். விமானம் உள்ளேயே இருந்தது. மேலெழுந்த கலம் நீர்மட்டத்தில் முற்றிலும் நிலைபெறும் முன்பே விமானத்தை ஏவும் ஆர்வத்தில் கதவு திறக்கப்பட்டிருக்க வேண்டும். அதன் வழியே கடல்நீர் புகுந்து கலத்தை ஆழ்த்தியிருக்க வேண்டும் என்பதே பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். நேரில் கண்டு சொல்ல ஒருவரும் எஞ்சாமையால், திறந்து கிடந்த அக்கதவே சாட்சியாக நிற்கிறது.

கைக்கு எட்டிய மீட்சி

கலத்தை உயர்த்தும் பணி எர்னஸ்ட் காக்ஸ் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. முதல் உலகப் போரின் முடிவில் ஸ்காப்பா ஃப்ளோவில் ஜெர்மானியர் தாமே மூழ்கடித்த போர்க்கப்பல்களை ஒவ்வொன்றாக மிதக்கவைத்துப் புகழ் பெற்றவர் அவர். ஏறத்தாழ ஓராண்டுக் காலம் பணி நடந்தது. 1,500 முறை முக்குளிப்பாளர்கள் இறங்கினர். 1932 டிசம்பர் 8 அன்று கலம் மேற்பரப்பிலிருந்து 6 மீட்டர் அளவுக்கு உயர்ந்து வந்தது. அவ்வேளையில் புயற்காற்று எழுந்தது. கலம் மீண்டும் கீழே போயிற்று. அதன் பின் அதனை உயர்த்தவில்லை. பெரும்பாலோரின் உடல்கள் அதனுள்ளேயே தங்கிவிட்டன.

இந்நிகழ்ச்சிக்குப் பின் நீர்மூழ்கியில் விமானம் சுமக்கும் முயற்சியைப் பிரிட்டிஷ் கடற்படை கைவிட்டது. ஜப்பானியரோ அத்தகைய முயற்சியைத் தொடர்ந்தனர். 1942 செப்டம்பரில் ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்றிலிருந்து எழுந்த சிறு விமானம் அமெரிக்காவின் ஓரிகன் காட்டுப்பகுதியில் குண்டு வீசியது வரலாறு.

மூச்சும் அழுத்தமும்

இனி, இக்கலத்தைக் காணச் செல்வோரிடம் வருவோம். எம்.2 இன்று நிமிர்ந்த நிலையில் கடல் தரையில் அமர்ந்துள்ளது. அதன் கோபுர உச்சி நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 20 மீட்டர் ஆழத்திலும், கடல் தரை 30 மீட்டருக்குச் சற்று மிகுதியான ஆழத்திலும் உள்ளன. பத்து மாடிக் கட்டடத்தின் உயரம் என்று கொள்ளலாம். கரையில் அது பெரிதன்று. நீரில் மிகப் பெரிது.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. தரையில் நம் மீது இருப்பது ஒன்று; 32 மீட்டரில் இருப்பது நான்குக்கும் சற்று அதிகம். அவ்வாழத்தில் ஒருமுறை மூச்சிழுத்தால், கரையில் இழுப்பதைப்போல் நான்கு மடங்கு காற்று செலவாகும். முக்குளிப்பவர் முதுகில் சுமக்கும் 12 லிட்டர் சிலிண்டரில் 230 மடங்கு அழுத்தத்தில் காற்றை அடைத்தால் 2,760 லிட்டர் கிடைக்கும். நிமிடத்திற்கு 20 லிட்டர் செலவழிப்பவருக்குக் கரையில் அது இரண்டு மணி நேரத்திற்கு மேல் போதும். 32 மீட்டரிலோ 33 நிமிடத்தில் முற்றிலும் தீர்ந்துவிடும். அதிலும் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும் என்பது நல்வழக்கு. அஞ்சினாலோ அவசரப்பட்டாலோ மூச்சு விரைந்து, செலவு மேலும் பெருகும். எனவே அமைதியாயிருத்தல் அங்கே உயிர்காக்கும் முறையாகிறது.

காற்றிலுள்ள நைட்ரஜன் தரும் இடர்கள் இரண்டு. ஒன்று, 30 மீட்டரைக் கடக்கும்போது அது மூளையை மயக்கத் தொடங்குதல். மது அருந்தியவரைப் போல் தம் ஆற்றலைப் பற்றி மிகையான நம்பிக்கை தோன்றும். கருவியின் எண்ணைப் படித்தும் பொருள் விளங்காமற் போகும். மற்றொன்று, அழுத்தத்தில் அந்த நைட்ரஜன் உடலின் திசுக்களில் கரைந்து நிற்றல். சோடாப் புட்டியின் மூடியை மெல்லத் திறந்தால் காற்று சிறிது சிறிதாக வெளியேறும். சட்டெனத் திறந்தால் பொங்கி வழியும். மனித உடலும் அவ்வாறே. விரைந்து மேலேறினால் நைட்ரஜன் குமிழிகளாகிக் கடும் மூட்டுவலியையும், சில வேளைகளில் வாதத்தையும் மரணத்தையும் விளைக்கும். ஆகவே அவ்வாழத்தில் ஏறத்தாழ 15 முதல் 20 நிமிடங்களுக்கு மேல் தங்கினால், நேரே மேலே வர இயலாது. இடையிடையே நின்று நின்று வர வேண்டும். குறைவாகத் தங்கியவரும் நிமிடத்திற்குப் பத்து மீட்டர் அளவில் மெல்ல ஏறி, இறுதி ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் காத்திருத்தல் வழக்கம்.

மன்னார்க் கடலில் முத்துக்குளித்தோர் நெஞ்சில் அடக்கிய ஒரே மூச்சில், கல்லைப் பற்றி இறங்கி ஏறியவர்கள். மூச்சை அடக்குதலே அவர்தம் கலை. சிலிண்டருடன் இறங்குவோர்க்கோ மூச்சை அடக்குதலே முதற்பிழை. ஆழத்தில் இழுத்த காற்று மேலேறும்போது விரிவதால், அடக்கி வைத்தால் நுரையீரல் கிழியும். மாறாத ஒன்றும் உண்டு. தோணியில் கயிறு பிடிப்பவரை நம்பியே முத்துக்குளிப்பவர் இறங்கினார். உயிர் அவர் கையில் இருப்பதால் மைத்துனரையே கயிறு பிடிக்க அமர்த்துவர் என்று நம் கடற்கரையில் சொல்வதுண்டு. கழகம் என்னும் அமைப்பின் வேர் இந்த நம்பிக்கையே ஆகும்.

கழகத்தின் ஒழுங்கு

1943ஆம் ஆண்டு பிரான்சில் கூஸ்தோ, காஞ்ஞான் ஆகிய இருவர், தேவைக்கேற்ப மூச்சுக்காற்றை அளந்து தரும் கருவியை உருவாக்கினர். அதுவரை கவசத்தலையும் காற்றுக்குழாயும் பூண்ட தொழிலாளர்க்கே உரியதாயிருந்த கடலடி, அதன் பின் பொதுமக்களுக்கும் திறந்தது. 1953இல் பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப் தோன்றியது. அதன் கிளைகள் ஊர்தோறும் அமைந்தன. ஆசிரியர், தச்சர், அஞ்சல் ஊழியர் எனப் பலதுறையினரும் வார நாள்களில் நீச்சற்குளத்தில் பயின்று, விடுமுறை நாள்களில் கடலுக்குச் செல்லும் முறை வளர்ந்தது. முன்னரே பயின்ற உறுப்பினர் புதியவர்க்குக் கற்பிப்பர்.

எம்.2ஐக் காணச் செல்லும் நாளின் நடைமுறையைக் காண்போம். முதலில் நேரத்தைத் தீர்மானிப்பது மனிதரல்லர், கடலே. ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் இடையே நீரோட்டம் சற்று அடங்கும் பொழுது ஒன்றுண்டு. அப்பொழுதில்தான் இறங்க முடியும். படகு முன்னரே சென்று காத்திருக்கும். பாரம் கட்டிய கயிறொன்றைக் கலத்தின் மீது இறக்கி, மறுமுனையில் மிதவையைக் கட்டுவர். அக்கயிறே போகவும் வரவும் வழி.

பொறுப்பாளர் ஒருவர் பலகையில் ஒவ்வோர் இணையின் பெயரையும், இறங்கும் நேரத்தையும், சிலிண்டரின் அளவையும் எழுதுவார். தனியே யாரும் இறங்குவதில்லை. இருவர் இருவராக ஒருவர் மற்றவரின் வார்களையும், காற்று வால்வையும், மாற்றுக் குழாயையும் தொட்டுப் பார்ப்பர். முப்பதாண்டு அனுபவம் உள்ளவரும் இச்சோதனைக்குக் கட்டுப்பட்டவரே. நீருக்குள் பேச்சில்லை, கைச்சைகையே மொழி. கரையில் 'நன்று' எனக் காட்டும் நிமிர்ந்த கட்டைவிரல், அங்கே 'மேலே போகலாம்' என்று பொருள்படும். நலமாக உள்ளேன் என்பதற்குச் சுட்டுவிரலையும் கட்டைவிரலையும் வளையமாக்கிக் காட்ட வேண்டும். மேலே போகலாம் என்று ஒருவர் காட்டினால் மற்றவர் காரணம் கேட்பதில்லை, இருவரும் திரும்புவர். கழகங்கள் கற்பிக்கும் விதிகளுள் மிக உயர்ந்தது இதுவே என நாம் கருதுகிறோம். திரும்ப விரும்புவோரைக் கோழை என்று எள்ளும் வழக்கம் இருக்குமாயின், எத்தனையோ பேர் வெட்கத்தால் உயிரிழந்திருப்பர்.

இறங்கிக் காண்பது

கயிற்றைப் பற்றி இறங்க இறங்க வெளிச்சம் மங்கும். முதலில் மறைவது செந்நிறம். பின்னர் எல்லாம் பசுமை கலந்த இருளாகும். நீர் குளிர்ந்ததாதலால் உடல் நனையாத தடித்த உடையை அணிவர். பல நாள்களில் சில மீட்டர் தொலைவுக்கு அப்பால் எதுவும் தெரியாது. எனவே முழுக்கப்பல் ஒருசேரக் கண்ணிற் படுவதில்லை. கோபுரம், மேல்தளம், விமான அறை எனத் துண்டு துண்டாகவே அது வெளிப்படும். இரும்பின் மேல் மென்பவளங்களும் கடற்சாமந்திகளும் படர்ந்துள்ளன. மீன்கூட்டங்கள் திரள்கின்றன. துளைகளிலிருந்து விலாங்கு போன்ற பெருமீன்கள் தலைநீட்டும். போருக்கென உருவான பொருளில் உயிர்கள் குடியேறியுள்ளன.

விமான அறையின் முன் வரும்போதே அனைவரும் தயங்குவர். 1932இல் எந்த வாயிலின் வழியே நீர் புகுந்ததோ அதே வாயில் அங்கே திறந்திருக்கிறது. ஒருவர் நுழைய இடமும் உண்டு. ஆயினும் நுழையலாகாது என்பதே நெறி. நுழைவோர்க்கு நேரக்கூடியதை வேறொரு கலத்தின் வரலாறு காட்டுகிறது. 1991இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சிக் கரைக்கு அப்பால், 70 மீட்டர் ஆழத்தில் ஜெர்மானிய நீர்மூழ்கி ஒன்று கண்டறியப்பட்டது. அது யு-869 என உறுதிப்படும் வரை ஆறாண்டுகள் சென்றன. அதற்குள் மூவர் அங்கே உயிரிழந்தனர். அவர்களுள் இருவர் தந்தையும் மகனும். 1992இல் கலத்தின் உள்ளே மகன் சிக்கிக்கொள்ள, தந்தை மீட்டு வெளியே கொண்டுவந்தார். ஆயினும் நின்று ஏற வேண்டிய இடங்களில் நிற்க வழியின்றி இருவரும் நேரே மேலே வந்தனர். இருவருமே பிழைக்கவில்லை.

காணலாம், தொடலாகாது

தொடக்க காலத்தில் மூழ்கிய கப்பல்களிலிருந்து திசைகாட்டி, மணி, பித்தளை விளக்கு எனக் கிடைத்தவற்றை நினைவுப் பொருளாக எடுத்து வருவோர் பலர் இருந்தனர். போரிலும் பணியிலும் இறந்தோரின் உறவினர்க்கு அது பெருந்துயர் தந்தது. 1986இல் பிரிட்டன், இராணுவ எச்சங்களைக் காக்கும் சட்டத்தை இயற்றியது. அது கலங்களை இரு வகையாகப் பிரிக்கிறது. ஒரு வகையை அனுமதியின்றி அணுகவே கூடாது. 1914 ஜனவரியில் பிளிமத்துக்கு அருகே மூழ்கிய ஏ.7 நீர்மூழ்கி அவ்வகையைச் சார்ந்தது. மற்றொரு வகையைக் காணலாம். ஆனால் தொடவோ, உள்ளே புகவோ, எதையும் எடுக்கவோ கூடாது. எம்.2 இவ்வகையில் வைக்கப்பட்டுள்ளது.

நீருக்கடியில் காவலர் எவரும் நிற்பதில்லை. பார்ப்பவர் யாருமற்ற இடத்தில் கையை அடக்கிக்கொள்வது சட்டத்தால் மட்டும் இயல்வதன்று. கழகத்தின் மூத்தோர் தம் நடத்தையால் இளையோர்க்குக் கற்பிக்க வேண்டிய பண்பு அது. கல்லறையைக் காணச் செல்பவர் குரலைத் தாழ்த்திக்கொள்வது போல, அங்கே சென்றவர் கையைத் தாழ்த்திக்கொள்கிறார்.

முடிவுரை

ஒரே கடலில், ஒரே கதவின் முன், இரு காட்சிகளைக் கண்டோம். சில நிமிட விரைவை விரும்பித் திறந்த கதவால் 60 பேர் மீளாது போயினர். அதே கதவின் முன் வந்து நின்று, நேரம் பார்த்து, காற்றை அளந்து, தோழரை நோக்கி விரலை நிமிர்த்தி, நுழையாமல் திரும்புவோர் நலமாகக் கரை சேர்கின்றனர். எம்.2இல் இருந்தோர் அறியாதவரல்லர், அஞ்சுபவருமல்லர். அக்காலத்தின் சிறந்த பயிற்சி பெற்றவர்கள். விரைவைத் திறமை என்று போற்றிய ஒரு சூழல் அவர்களைச் சூழ்ந்திருந்தது. இதனை அவர்தம் குற்றமாகக் கூறாது, நமக்கு எச்சரிக்கையாகக் கொள்வதே முறை.

தேர்வு, வேலை, பொருள் என எல்லாவற்றிலும் முந்தி ஓடுமாறு நம் மாணவரை நாமே தூண்டிக்கொண்டிருக்கும் காலம் இது. கதவைத் திறக்கும் முன் கலம் முழுமையாக எழுந்துவிட்டதா என்று பார்க்கும் பொறுமையையும், 'திரும்பலாம்' என்று தோழன் சொன்னால் எள்ளாமல் உடன் திரும்பும் பண்பையும் அவர்களுக்கு நாம் கற்பித்தோமா என்று ஆசிரியராகிய நாமும் பெற்றோரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அன்று கேள்வி எழுப்பிய மாணவர்க்கு இவ்வளவு காலம் தாழ்த்தி விடை கூறுகிறோம். மூழ்குவது பிழையன்று, தம்பி. மீள்வதற்கு வேண்டியதை மறந்து மூழ்குவதே பிழை.